வைர அழுத்தியா, அதிர்ச்சி அலையா?

சேலம் சுண்ணாம்புக்கரட்டு வெள்ளைக்கல்லை, அதாவது மேக்னசைட்டை, சூளையில் சுட்டால் மெக்னீசியம் ஆக்சைடு கிடைக்கும். உலைச் செங்கல்லுக்குப் போகிற இதே பொருள்தான், இரும்பு சற்றுக் கலந்து, பூமியின் கீழ் மூடகத்திலும், அதாவது மேலோட்டுக்கும் கருவுக்கும் நடுவிலுள்ள பாறை அடுக்கின் கீழ்ப்பகுதியிலும், இருக்கிறது. அதன் அடியில் அழுத்தம், நம் மேலுள்ள காற்றழுத்தத்தைப் போல் சுமார் 13 லட்சம் மடங்கு. அங்கே இந்த ஆக்சைடின் வலிமை, அதாவது உருக்குலையாமல் தாங்கும் திறன், என்ன? அளக்க முக்கியமாக இரண்டு வழிகள்.

இரு வைர முனைகளுக்கு நடுவே துகளை நெருக்கி, பக்கவாட்டில் எக்ஸ் கதிர் பாய்ச்சுவது ஒன்று. அணு அடுக்குகள் திசைக்குத் திசை எவ்வளவு வேறுபட்டுச் சுருங்கின என்பதிலிருந்து வலிமையைக் கணக்கிடுகிறார்கள். மணிக்கணக்கில் நிறுத்தி அளக்கலாம். மாதிரி மட்டும் தூசியளவு. சில நேரம் வைரமே உடைந்துபோகும்.

பொருள்மேல் லேசரைப் பாய்ச்சி அதிர்ச்சி அலை எழுப்புவது இன்னொன்று. இதில் அழுத்தம் இன்னும் எகிறும். நானோ நொடிகளில் முடியும், பொருளும் சூடேறும். அந்த வேகத்தில் பொருள் கூடுதல் வலிமை காட்டும். மூடகமோ ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்வது. ஆகவே மூடகத்திலுள்ள ஆக்சைடுக்கு வைரத்தையே நம்புவேன். விண்கல் மோதலுக்கு அதிர்ச்சி அலை.