காமர்ஸ் படித்த மாமியும் நர்சிங் கனவும்: இரண்டு வருடம் பயன்படுத்திய பிறகு

நான் பிளஸ் டூவில் காமர்ஸ், கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவின் டர்பன் வந்தவள். பக்கத்தில் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் நாத்தனார் மகள் மேட்ரிக்கில், அதாவது இங்கத்திய பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையில், எடுத்த ஒரே அறிவியல் பாடம் லைஃப் சயன்ஸஸ் (உயிரியல்). அதிலும் லெவல் 2. "மாமி, நான் நர்சிங் போகணும்" என்று வந்து நின்றாள். டிப்ளமாவோ டிகிரியோ, இங்கே பல இடங்களில் லைஃப் சயன்ஸஸில் லெவல் 4, அதாவது 50 சதவீதம், இருந்தால்தான் விண்ணப்பத்தைப் பார்ப்பார்கள். அதனால் கல்வித்துறையின் செகண்ட் சான்ஸ் மேட்ரிக் திட்டத்தில் மறுபடி எழுதினாள். கூட உட்கார்ந்து படித்தது நான். இப்போது அவள் நர்சிங் மாணவி. படிக்க நாங்கள் பயன்படுத்திய புத்தகம், வீடியோ, ஆப் இவற்றில் எது உள்ளே போன பிறகும் கைகொடுக்கிறது என்று சொல்லலாம் அல்லவா?

முதலில் பணம் கட்டிச் சேர்ந்தது ஒரு டியூஷன் சென்டரில். பெயர் வேண்டாம். நகலெடுத்த நோட்ஸைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். ஒரு டெர்மோடு போதும் என்று நிறுத்திவிட்டோம்.

அப்புறம் எல்லாமே இலவசம்தான். இலவசப் பாடப்புத்தகம் வெளியிடும் ஓபன்ஸ்டாக்ஸின் அனாடமி அண்ட் பிசியாலஜி (உடலின் அமைப்பும் இயக்கமும்) புத்தகத்தை பிடிஎஃப்பாக இறக்கிக்கொண்டோம். மொத்தம் 28 அத்தியாயம். அமெரிக்கக் கல்லூரிப் புத்தகம் என்பதால் மேட்ரிக்குக்கு அளவுக்கு மீறியது, முழுதாகப் படிக்கவே வேண்டாம். ஆனால் உடலின் வேதியியலைச் சொல்லும் இரண்டாம் அத்தியாயத்தையும் செல் பற்றிய மூன்றாம் அத்தியாயத்தையும் தாண்டாதீர்கள். எலும்பு, இதயம் என்று படம் பார்த்து ஆரம்பிக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. அயனி என்றால் என்ன, பிஎச் என்றால் என்ன என்று தெரியாமல் போனால் நரம்பும் புரியாது, சிறுநீரகமும் புரியாது.

இந்த இரண்டு அத்தியாயங்களுக்கும் கான் அகாடமி என்ற இலவசத் தளத்தின் வீடியோக்களைத் துணைக்கு வைத்துக்கொண்டோம். ஆஸ்மோசிஸை, அதாவது செல் சவ்வு வழியாகத் தண்ணீர் நகர்வதை, அதில்தான் நான் உருப்படியாகப் பிடித்தேன். செல்லுக்கு வெளியே உப்பு குறைந்தால் தண்ணீர் உள்ளே போகும், கூடினால் வெளியே வரும். அவ்வளவுதான். வெறும் தண்ணீரை ரத்தத்தில் ஏற்றினால் சிவப்பணு உப்பி வெடித்துவிடும், அதனால்தான் ட்ரிப்பில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு கலந்த 0.9 சதவீத சலைன் போகிறது. வார்டுக்குப் போன முதல் மாதமே அவளுக்குப் பயன்பட்டது இதுதானாம்.

அமெரிக்கப் பாடங்களில் ஒரு சிக்கல், அலகுகள். ரத்தச் சர்க்கரையை அவர்கள் டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்பார்கள். இங்கே லிட்டருக்கு இத்தனை மில்லிமோல். 90 என்று அங்கே இருந்தால் இங்கே 5. பதினெட்டால் வகுத்தால் போதும். எங்கள் வீட்டில் மாமனாருக்குச் சுகர், மெஷின் எப்போதும் மேஜையில் கிடக்கும், அதனால் உடனே பிடிபட்டது. சுகர் மெஷின் இல்லாத வீடு நம் ஆட்களிடையே எத்தனை இருக்கும்?

இனி பாஸ்ட் பேப்பர். என்னைக் கேட்டால் இதற்குத்தான் முதல் இடம். கல்வித்துறைத் தளத்தில் பழைய வினாத்தாள்களும் மெமோவும் (எதற்கு எத்தனை மார்க் என்று சொல்லும் விடைக்குறிப்பு) இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டு தாள், ஒவ்வொன்றும் 150 மதிப்பெண், இரண்டரை மணி நேரம். மெமோவைப் பார்த்த பிறகுதான் பரீட்சை என்ன கேட்கிறது என்று புரியும். சாப்பிட்ட பிறகு சர்க்கரை எப்படிக் கட்டுப்படுகிறது என்றால், "இன்சுலின் சுரக்கும்" என்று ஒரே வரியில் முடித்தால் மார்க் விழாது. அளவு ஏறியது, கணையம் உணர்ந்தது, இன்சுலின் சுரந்தது, கல்லீரல் மிச்சத்தைக் கிளைகோஜனாக மாற்றியது, அளவு பழைய நிலைக்கு வந்தது என்று படிப்படியாக எழுத வேண்டும். இவள் விடைகளை நானே மெமோவை வைத்துத் திருத்தினேன். அறிவியல் தெரியாத மாமிக்கு அது போதுமான வேலை.

ஆனால் அதிலேயே ஒரு பொறி உண்டு. பன்னிரண்டாம் வகுப்புத் தாளில் இனப்பெருக்கம், நரம்பு, ஹார்மோன், மரபியல், பரிணாமம் எல்லாம் வரும். இதயமும் ரத்த ஓட்டமும் பத்தாம் வகுப்புப் பாடம், மூச்சும் செரிமானமும் பதினொன்று. பேப்பரை மட்டும் நம்பிப் படித்தவர்கள் பரிணாமத்தில் மார்க் வாங்கிவிட்டு, இதய வால்வு தெரியாமல் நர்சிங்கில் உட்கார்ந்திருப்பார்கள். பரீட்சை முடிந்து ரிசல்ட் வரும்வரை சும்மா இருந்த நாட்களில் அந்தப் பழைய பாடங்களைப் படித்தோம். நல்ல முடிவு.

கேள்வி ஒருபக்கம், விடை மறுபக்கம் என்று கார்டு போட்டுத் திரும்பத் திரும்பக் கேட்கும் ஆங்கி (Anki) ஆப் பற்றி நிறையப் புகழ்கிறார்கள். பெயர்களை ஞாபகம் வைக்க நல்லது. லோட் ஷெடிங் நேரத்தில் இணையம் இல்லாமலும் ஓடும். ஆனால் பிறர் செய்த கார்டுகளை இறக்கிக்கொண்டால் அதே அமெரிக்க அலகுத் தொல்லை, போதாக்குறைக்குப் புரியாததையும் மனப்பாடம் செய்ய வைக்கும். தான் தப்பாக எழுதிய கேள்விகளை மட்டும் கார்டாக்கச் சொன்னேன். இன்றும் அப்படித்தான் செய்கிறாள், இப்போது மருந்துப் பெயர்களுக்கு. ஆண்ட்ராய்டில் இலவசம், ஐபோனில் காசு. அதற்காக ஐபோனில் வாங்க வேண்டியதில்லை, கணினியில் இலவசமாகவே வைத்துக்கொள்ளலாம்.