லி நிங் பேட்மிண்டன் ஷூ: வாங்கும் முன் திருகிப் பாருங்கள்

லி நிங் என்ற சீன நிறுவனத்தின் ஷூவில் பக்கவாட்டில் உள்ள குறியைப் பலரும் வளைந்த அம்பு என்றே நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு ஜிம்னாஸ்டிக் அசைவு. பாம்மல் ஹார்ஸ் என்கிற, இரண்டு கைப்பிடி வைத்த திண்டின் மீது கைகளை ஊன்ற வேண்டும். ஒரு கால் முன்னும் மறுகால் பின்னுமாகக் கத்தரிக்கோல் போல மாற்றி மாற்றி வீசி, அந்த வீச்சின் வேகத்திலேயே உடம்பைத் தலைகீழாக நிமிர்த்த வேண்டும். சீனாவில் இந்தக் கத்தரி வீச்சு, நிறுவனத்தைத் தொடங்கிய ஜிம்னாஸ்டிக் வீரர் லி நிங்கின் பெயரிலேயே வழங்குகிறது. 2010-ல் நிறுவனம் சின்னத்தை மாற்றியபோது இந்த அசைவையும், 'மனிதன்' என்று பொருள்படும் சீன எழுத்தையும் இணைத்துத்தான் புதுக் குறியை வரைந்தார்கள்.

எந்தக் கடையிலும் இதைச் சொல்லி ஷூ விற்பதில்லை. ஆனால் பெயருக்குச் சொந்தக்காரர் யார் என்று தெரிந்தால், இந்த நிறுவனத்தின் சரக்கில் எதை எடுக்கலாம், எதை விடலாம் என்பது ஓரளவு விளங்கும்.

லி நிங் 1963-ல் குவாங்சி பகுதியில், சுவாங் இனத்தில் பிறந்தவர். எட்டு வயதில் பயிற்சி தொடங்கி 1980-ல் தேசிய அணிக்கு வந்தார். 1982-ல் ஜாக்ரெப் உலகக் கோப்பையில் ஆண்களுக்கான ஏழு தங்கத்தில் ஆறு அவருக்கு. 1984 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம், இரண்டு வெள்ளி, ஒரு வெண்கலம் வென்றார். அந்த ஒலிம்பிக்கில் வேறு எந்த வீரரும் அத்தனை பதக்கம் வாங்கவில்லை. தரைப் பயிற்சியில் 19.925 புள்ளியோடு தனித் தங்கம். வளையத்தில் ஜப்பானின் கோஜி குஷிகென்னோடும், பாம்மல் ஹார்ஸில் அமெரிக்காவின் பீட்டர் விட்மரோடும் தங்கத்தைப் பகிர்ந்துகொண்டார். சோவியத் அணி வராததால்தான் இந்தப் பதக்கங்கள் கிடைத்தன என்று சொல்பவர்கள் ஜாக்ரெப்பை மறந்துவிடுகிறார்கள். அங்கே சோவியத் வீரர்களும் களத்தில் இருந்தார்கள்.

1988 சியோல்தான் வலித்தது. வளையத்தில் கால் மாட்டிக்கொண்டது. வால்ட் என்கிற தாவல் போட்டியில் தரையிறங்கும்போது உட்கார்ந்துவிட்டார். கீழே விழுந்தும் சிரித்துக்கொண்டே எழுந்ததற்காகவே நாட்டில் ஏச்சு வாங்கினார். அதோடு ஓய்வு பெற்று, ஜியான்லிபாவ் என்ற குளிர்பான நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து, 1990-ல் தன் பெயரிலேயே விளையாட்டு உடை நிறுவனம் தொடங்கினார். 1992 பார்சிலோனாவில் சீன வீரர்கள் பதக்க மேடையில் அணிந்தது இந்த நிறுவனத்தின் உடைதான். 2008 பெய்ஜிங் தொடக்க விழாவில் கம்பியில் தொங்கியபடி அரங்கின் விளிம்பைச் சுற்றி 'ஓடி' ஒலிம்பிக் தீபத்தை ஏற்றியவரும் இவரே.

வியாபாரம் அந்தரத்திலேயே நிற்கவில்லை. 2010-ல் இளைஞர்களை மட்டும் குறிவைத்ததில் பழைய வாடிக்கையாளர்கள் விலகினார்கள், சரக்கு தேங்கியது, 2012 முதல் 2014 வரை மூன்று ஆண்டும் நட்டம். லி நிங் நேரடி நிர்வாகத்துக்குத் திரும்பிய பிறகு 2015-ல்தான் மீண்டும் லாபம் வந்தது. பேட்மிண்டன் பக்கம் மட்டும் பிடி தளரவில்லை. 2009 முதல் பத்தாண்டுக்கு மேல் சீனத் தேசிய பேட்மிண்டன் அணி இவர்கள் உடையில் ஆடியது. 2019-ல் நம் பி.வி. சிந்துவும் இவர்களோடு ஒப்பந்தம் போட்டார். நிறுவனத்தின் பலம் உள்ளரங்க ஷூவில் இருப்பதற்கு இதுவே காரணம். அங்கே உலகத்தரமான கால்கள் பல ஆண்டு சோதித்துக் கொடுத்திருக்கின்றன.

இனி ஷூவுக்கு வருவோம். கையில் எடுத்ததும் முதலில் செய்ய வேண்டியது திருகிப் பார்ப்பது. ஒரு கையில் குதிப்பகுதி, மறுகையில் முன்பகுதி, துணி பிழிவது போலத் திருகுங்கள். நடுப்பகுதி எளிதில் முறுக்கிக்கொள்ளக் கூடாது. லி நிங் ஷூக்களில் பாதத்தின் நடுவில் 'பிராபார் லாக்' என்று ஒரு கெட்டித் தகடு வைக்கிறார்கள். பக்கவாட்டில் பாய்ந்து நிற்கும்போது பாதம் முறுக்கிக்கொள்ளாமல் தாங்குவதுதான் அதன் வேலை. அடுத்து முன்பகுதியை மேல்நோக்கி மடக்குங்கள். விரல்கள் பாதத்தோடு சேரும் இடத்தில் மடங்க வேண்டும். உள்ளங்கால் வளைவில் மடங்கினால் அந்த ஜோடியை வைத்துவிட்டு வேறு பாருங்கள். விலை குறைந்த ரகங்களில் இந்தத் தகடு பெயரளவில் மட்டுமே இருக்கலாம். ஆகவே பெட்டியில் போட்டிருக்கும் பெயரை நம்பாமல் கையால் சோதிப்பது நல்லது.

குதிகாலின் பின்விளிம்பு உருண்டையாக இருக்கிறதா என்று பாருங்கள். வலைக்குப் பக்கத்தில் லஞ்ச் போடும்போது, அதாவது ஒரு காலை நீட்டி முன்னே பாயும்போது, முன்கால் குதியில் இறங்கி, அங்கிருந்து முன்பாதத்துக்கு உருள வேண்டும். விளிம்பு சதுரமாக வெட்டியிருந்தால் தரை 'டக்'கென்று தட்டும், அந்த அதிர்ச்சி முழங்காலுக்குப் போகும். பெருவிரலின் உள்பக்கத்தில் கூடுதல் ரப்பர் அல்லது தேய்மானப் பட்டை இருக்கிறதா என்பதும் முக்கியம். வலக்கை ஆட்டக்காரருக்கு இடது ஷூவின் அந்த இடம்தான் முதலில் கிழியும், ஏனென்றால் லஞ்சில் பின்கால் தரையில் இழுபடுகிறது. இடக்கைக்காரர் வலது ஷூவைப் பார்க்க வேண்டும்.

அளவில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். சீன நிறுவன ஷூவில் நாட்டுக்கு நாடு மாறும் எண்களோடு மில்லிமீட்டரிலும் நீளம் போட்டிருக்கும். அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். மாலையில், ஆடும்போது போடும் அதே தடிமன் சாக்ஸோடு, குதியைச் சுவரில் ஒட்டி ஒரு காகிதத்தின் மேல் நின்று, நீளமான விரலின் நுனியில் கோடு போடுங்கள். இரண்டு காலும் அளந்து பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். போட்டுப் பார்க்கும்போது விரலுக்கு முன்னே 8 முதல் 10 மி.மீ. இடம் வேண்டும். அதற்கும் குறைந்தால் லஞ்சில் விரல் நுனி இடித்து நகம் கறுக்கும், கூடினால் பாதம் உள்ளே வழுக்கிக் கொப்புளம் வரும். பாதம் அகலமானவர்கள் நீளத்தைக் கூட்டிச் சமாளிக்கக் கூடாது. அப்படிச் செய்தால் ஷூ மடங்கும் இடமும் கால் மடங்கும் இடமும் ஒன்றாக வராது. அகலமான வார்ப்பில் வரும் மாடலாகத் தேடுங்கள், அல்லது வேறு நிறுவனத்துக்குப் போங்கள்.

குதி தூக்கினால் உடனே சின்ன அளவு கேட்காதீர்கள். கடைசித் துளையில் லேஸை அதே பக்கத்திலேயே நுழைத்து ஒரு சிறு வளையம் விட்டு, எதிர்ப்பக்க லேஸை அதற்குள் விட்டு இழுத்துக் கட்டுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஓட்டத்துக்கான ஷூக்களில் என் கருத்து வேறு. சிவப்பு முயல், நிழலற்றது என்று பழைய சீனாவின் மூன்று அரசுகள் காலத்துக் குதிரைகளின் பெயரில் வரிசைகள் இருக்கின்றன. 2019-ல் வந்த 'பெங்' என்ற நுரை மெத்தையின் பெயரை எழுத, 'இடி' என்ற எழுத்தை நான்கு முறை அடுக்குகிறார்கள். நுரை நிஜமாகவே லேசு, துள்ளலும் உண்டு. ஆனால் கார்பன் தகடு வைத்த பந்தய ஷூ முன்பாதத்தில் ஓடி வேகம் பிடிப்பவர்களுக்கானது. குதியில் இறங்கி மெதுவாக ஓடுபவருக்கு உயரமும் மென்மையும் சேர்ந்து கணுக்காலைத் தள்ளாட வைக்கும். எந்த ஓட்ட ஷூவையும் பேட்மிண்டன் கோர்ட்டில் போடவே கூடாது. உயர்ந்த, மெத்தென்ற குதி பக்கவாட்டுப் பாய்ச்சலில் சாய்ந்து கால் பிசகும்.

ராக்கெட் வாங்குவோருக்கு ஒரு வரி: எடை 4யூ என்றால் 80 முதல் 84 கிராம், 3யூ என்றால் 85 முதல் 89. தோள் இன்னும் பழகாதவர்கள் 4யூவைவிடக் கனமானதை எடுக்க வேண்டாம்.

வாங்கிய ஷூ வீணாவது பெரும்பாலும் கோர்ட்டுக்கு வெளியே. நான்-மார்க்கிங் ரப்பர், அதாவது தரையில் தடம் பதிக்காத ரப்பர், மென்மையானது. அதைப் போட்டுக்கொண்டு தார் ரோட்டில் நடந்தால் சில நாளிலேயே பிடி போய்விடும். ஆகவே கோர்ட்டில் போய் மாற்றிக்கொள்ளுங்கள். வழுக்கினால் முதலில் ஈரத்துணியால் அடிப்பாகத்தைத் துடையுங்கள், பாதிக்கும் மேற்பட்ட சமயம் தூசிதான் காரணம். ஆட்டம் முடிந்ததும் இன்சோல் என்கிற உள்மெத்தையை வெளியே எடுத்து, உள்ளே செய்தித்தாளைத் திணித்து, நிழலில் காய வையுங்கள். வெயிலில் வைத்தால் ரப்பர் இறுகும், முன்னுனியிலும் உள்வளைவிலும் பசை விடும். அந்த இரண்டு இடம்தான் எந்த நிறுவன ஷூவிலும் முதலில் பிளப்பது. வண்டியின் சீட்டுக்கு அடியிலும் வைக்காதீர்கள். விரலளவு பிளவு வந்ததுமே ஷூ தைப்பவரிடம் கொடுத்து ஒட்டித் தைத்துவிடலாம். விட்டுவைத்தால் வியர்வையும் தூசியும் உள்ளே போய், அப்புறம் எந்தப் பசையும் பிடிக்காது.

போலிச் சரக்கு நிறையவே உண்டு. இந்தியாவில் முறையாக இறக்குமதியான பெட்டியில் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், தயாரித்த மாதமும் ஆண்டும், அதிகபட்ச சில்லறை விலையும் அச்சிட்டிருக்க வேண்டும். அந்த மாதம், ஆண்டையும் பாருங்கள். பல ஆண்டு கிடங்கில் கிடந்த ஜோடி தள்ளுபடியில் வரும், பசையும் மெத்தையும் அதற்குள் பாதி ஆயுள் இழந்திருக்கும்.

முன்பாதத்தின் வரிகள் வழுவழுப்பாகத் தேய்ந்து, மெத்தையின் பக்கவாட்டில் நிலையான சுருக்கம் விழுந்து, கடையில் திருகிய அதே ஷூ இப்போது எளிதாகப் பிழிபட்டால், மேல்பாகம் புதிதாகத் தெரிந்தாலும் கோர்ட்டில் அதைப் போடாதீர்கள்.