மெட்டு முதலா, வரி முதலா?

சேலத்தில் பாட்டெழுதப் பழகும் இளைஞர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஏற்காடு சாலையில் பழைய திரைப்பட நிறுவனமான மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவு இன்னும் நிற்கிற ஊரில் இந்தக் கேள்வி எழுவது எனக்கு மகிழ்ச்சியே.

வரியை முதலில் எழுதினால் சொல்ல வந்ததை முழுதாகச் சொல்லலாம். சொல் வளம் கூடும். ஆனால் பெரும்பாலும் அது கவிதையாக நின்றுவிடும். பாடிப் பார்த்தால் மூச்சு முட்டும்.

மெட்டுக்கு எழுதுவது கடினம், ஆனால் கற்றுக்கொடுப்பது அதுதான். 'தானன தானன தானனா' என்ற தத்தகாரத்தை, அதாவது மெட்டின் அளவைக் காட்டும் பொருளற்ற ஒலிகளை, எடுத்துக்கொள்ளுங்கள். 'மாமலை ஏறிய மேகமே' என்றால் அப்படியே உட்காரும். கடைசி எழுத்து நெடில், பாடுபவர் விரும்பும்வரை இழுக்கலாம். அதே இடத்தில் 'காற்று' என்று முடித்தால் குற்றியலுகரத்தில், அதாவது குறுகி ஒலிக்கும் உகரத்தில், குரல் நின்றுவிடும். பொருள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தச் சொல்லை விடத்தான் வேண்டும். இந்த விடுதல்தான் பொறுமை கேட்கிறது. ஒரு சொல்லுக்காக ஒரு வாரம் காத்திருப்பது வீண் இல்லை.

மெட்டுக்கு எங்கே போவது? இசையமைப்பாளர் தேவையில்லை. ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழா வரும். கும்மிப் பாட்டு தெரிந்த பாட்டிமார் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். அந்த மெட்டில் உங்கள் சொற்களைப் போட்டுப் பாருங்கள். கைதட்டு எங்கே விழுகிறதோ அங்கே எதுகை விழ வேண்டும்.

தொடங்குபவருக்கு நான் மெட்டையே சொல்வேன். காது பழகிய பிறகு வரியிலிருந்து தொடங்கினாலும் சந்தம் தானாக உள்ளே ஓடும்.