ஓசிஆர்இ இணையதளம்: ரோமானிய நாணயத்தில் நிற்பது எந்தத் தெய்வம்?

ஓசிஆர்இ என்பது 'ஆன்லைன் காயின்ஸ் ஆஃப் தி ரோமன் எம்பயர்' என்பதன் சுருக்கம். அமெரிக்க நாணயவியல் கழகமும் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் பண்டைய உலக ஆய்வு நிறுவனமும் சேர்ந்து நடத்தும் இலவசத் தளம். கி.மு. 31 முதல் கி.பி. 491 வரையிலான பேரரசு நாணயங்களில் 40,000க்கும் மேற்பட்ட வகைகள் இதில் உண்டு. பேரரசர், நாணயம் அச்சிட்ட சாலை, உலோகம், நாணய மதிப்பு, இருபக்க எழுத்துகள் என எதை வைத்தும் வடிகட்டலாம்.

இதன் உண்மையான பலம் தேய்ந்த காசில்தான் தெரியும். ஒரு கையில் தராசு, மறுகையில் செழுமைக் கொம்பு ஏந்தி ஒரு பெண் நிற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் நேர்மையின் உருவமான ஏக்விடாஸாக இருக்கலாம், நாணயத் தெய்வமான மொனேட்டாவாகவும் இருக்கலாம். உருவத்தை மட்டும் பார்த்துப் பெயர் சொல்லவே கூடாது. விளிம்பில் மிஞ்சிய மூன்று நான்கு எழுத்துகள்தான் தீர்ப்பு. தராசு இருக்கும் இடத்தில் சுக்கான் இருந்தால் பெரும்பாலும் அதிர்ஷ்ட தேவதையான ஃபார்ச்சுனா.

தேடும்போது பலரும் சறுக்குவது ஓர் எழுத்தில். நாணயத்தில் 'யு' கிடையாது, அதன் இடத்தில் 'வி'தான். பேரரசரின் பட்டமான அகஸ்டஸ் என்பதன் சுருக்கம் 'ஏ-வி-ஜி'. கடைசி 'ஜி' இரட்டித்தால் இரண்டு அகஸ்டஸ்கள் என்று பொருள். அதைக் கவனிக்காமல் விட்டால் ஆட்சிக்காலமே மாறிப்போகும்.

குறைகளும் உண்டு. எல்லா வகைக்கும் படம் இல்லை. கிரேக்க எழுத்துள்ள அலெக்சாண்டிரியா போன்ற மாகாணக் காசுகளை இங்கே தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், அவற்றுக்குத் தனித் தளம் உண்டு. பேரரசுக்கு முந்தைய குடியரசுக் காலத்துக்கும் அப்படியே.