சைகை மொழியா, கியூடு ஸ்பீச்சா?

காது கேளாத குழந்தைக்கு இவற்றில் எதைக் கற்பிப்பது என்பது பல பெற்றோரின் கேள்வி. கண்ணாடி முன் நின்று, குரல் எழுப்பாமல் ‘படம்’, ‘மடம்’ என்று சொல்லிப் பாருங்கள். உதடு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். உதட்டசைவை மட்டுமே நம்பியிருக்கும் காது கேளாத குழந்தைக்கு எந்தப் பேச்சு மொழியிலும் இதே பாடுதான்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1966-ல் காது கேளாதோருக்கான வாஷிங்டனின் காலடெட் கல்லூரியில் ஓரின் கார்னெட் உருவாக்கியதுதான் கியூடு ஸ்பீச்: பேசும்போதே ஒலிகளைக் கையாலும் காட்டும் முறை. அமெரிக்க ஆங்கிலத்துக்கு மெய்யொலி காட்ட 8 கை வடிவங்கள், உயிரொலி காட்ட முகத்தைச் சுற்றி 4 இடங்கள். பாயைக் குறிக்கும் ‘மேட்’ வேண்டுமென்றால், ஐந்து விரலையும் விரித்துத் தொண்டையருகே வைத்து, கடைசி ‘ட்’டுக்கு அதே கையை முகத்தின் பக்கவாட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மட்டையைக் குறிக்கும் ‘பேட்’ என்றால் தொடக்கத்தில் கட்டைவிரல் மட்டும் மடங்கும். விரித்த அதே கைதான் ‘ஃப்’ ஒலிக்கும். எது என்று உதடுதான் சொல்ல வேண்டும். வாயை மறைத்தால் கை வெறும் புதிர்.

அமெரிக்க சைகை மொழி இன்னொருவர் பேச்சைக் கையில் காட்டும் ஏற்பாடு அல்ல, தனி இலக்கணம் உள்ள மொழி. மொழியியல் ஆய்வாளர் வில்லியம் ஸ்டோக்கி 1960-லேயே அதை எழுதிக் காட்டினார். ஆம்-இல்லை கேள்விக்குப் புருவம் உயரும். ‘யார்’, ‘ஏன்’ என்றால் சுருங்கும். முகத்தை அசைக்காமல் சைகை செய்பவரின் கேள்வி கேள்வியாகவே போய்ச் சேராது.

வாசிப்புக்கு வந்தால் கியூடு ஸ்பீச்சின் கை ஓங்கும். சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைக் குழந்தை கண்ணால் பார்த்திருப்பதால் எழுத்தோடு பொருத்துவது எளிது. சைகை மொழியிலோ, பூனைக்கான சைகையில் ‘கேட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் ஒலியோ எழுத்தோ இல்லை. அதனால் சைகை மொழியில் வளரும் குழந்தைக்கு ஆங்கில வாசிப்பை, ஒவ்வொரு எழுத்தையும் விரலால் காட்டும் விரல் எழுத்து வழியாக இரண்டாம் மொழியாகவே கற்பிக்க வேண்டும்.

ஆனால் அரைகுறையாகச் செய்தால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். கியூடு ஸ்பீச்சின் அடிப்படையைச் சில நாள் பயிற்சியில் பிடித்துவிடலாம். பேச்சு வேகத்துக்குக் கை வர மாதக்கணக்காகும். தொடக்கநிலையினர் எழுத்துக்கூட்டலைப் பார்த்துக் கை காட்டுவார்கள்: முழங்காலைக் குறிக்கும் ‘நீ’க்கு, ஒலிக்காத ‘கே’ எழுத்தையும் சேர்த்துவிடுவார்கள். சொல்லுக்குச் சொல் விட்டுவிட்டுக் காட்டினாலோ வாக்கிய அமைப்பே குழந்தைக்குக் கிடைக்காது. சைகை மொழியில் பெற்றோர் தேற ஆண்டுகள் ஆகும்தான். ஆயினும் ‘பால்’, ‘வலிக்குது’, ‘எங்கே’ தெரிந்தாலே அன்றைக்கே பேச்சு ஓடும். பெற்றோர் தடுமாறும் இடத்தில் சரளமாகச் சைகை செய்யும் காது கேளாத பெரியவர்கள் கைகொடுப்பார்கள். கியூடு ஸ்பீச்சில் அப்படிப்பட்ட ஆட்கள் மிகக் குறைவு.

எனவே கைக்குழந்தைப் பருவத்தில் சைகை மொழியைத் தள்ளிப்போடுவதை எங்களால் ஏற்க முடியவில்லை. எழுத்து கற்கும் வயதில் கியூடு ஸ்பீச்சைச் சேர்க்கலாம். இரண்டுக்கும் தனித்தனி நேரம் வைக்க வேண்டும். வாயால் ஆங்கிலமும் கையால் சைகை மொழியும் ஒரே நேரத்தில் ஓட்டினால் இரண்டின் இலக்கணமும் உடையும். பெரும்பாலும் முதலில் உடைவது சைகைதான், ஏனென்றால் பேசுபவர் தன் காதுக்குக் கேட்பதைத்தான் திருத்திக்கொண்டே போவார்.