ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்: காசு கட்டாமல் பல வருடம் விளையாடிய அனுபவம்

'இலவசம்' என்று போட்டிருக்கும் விளையாட்டுகள் ஏராளம். இரண்டு வாரம் ஓடியதும் காசு கேட்காதவை மிகக் குறைவு. ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் அந்தக் குறைவான வகை. இதன் கைப்பேசி வடிவம் 2018 அக்டோபரில் வந்தது. அதை ஒட்டித் தொடங்கிய என் கணக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது. பெரும்பாலான காலம் நான் இலவசக் கணக்கில்தான் விளையாடியிருக்கிறேன்.

கேள்விப்படாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரூன்ஸ்கேப் என்பது பலர் இணையத்தில் ஒரே உலகத்தில் சேர்ந்து விளையாடும் விளையாட்டு. 2001 ஜனவரியில் வந்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருக்கும் ஜாகெக்ஸ் நிறுவனத்துடையது. வருடங்கள் போகப்போக விளையாட்டு நிறைய மாறியது. பழையதே வேண்டும் என்று ஆட்கள் கேட்டதால், 2007 ஆகஸ்ட்டில் சேமித்து வைத்த பிரதியை எடுத்து 2013 பிப்ரவரியில் தனி விளையாட்டாக விட்டார்கள். அதுதான் ஓல்ட் ஸ்கூல். இலவசப் பகுதி 2015-இல் சேர்ந்தது. முகம் கைகால் எல்லாம் கட்டை கட்டையாகத்தான் இருக்கும். முதல் நாள் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். ஒரு வாரத்தில் கண் பழகிவிடும்.

சிங்கப்பூர் ரயிலில் செங்காங்கில் ஏறி ஊட்ரம் பார்க்கில் மாறி ஜூரோங் ஈஸ்ட் வரை போகும் வேலை எனக்கு. ஒரு கை கம்பியில், ஒரு கை கைப்பேசியில். வேகமாகச் சுட வேண்டிய, விரல் ஓயாமல் தட்ட வேண்டிய விளையாட்டு எதுவும் இந்தப் பயணத்துக்குச் சரிப்படாது. இது சரிப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்த உலகம் முழுக்க 0.6 விநாடித் துடிப்பில் ஓடுகிறது. நீங்கள் எத்தனை வேகமாகத் தொட்டாலும் வெட்டு, நடை, சமையல் எல்லாம் அடுத்த துடிப்பில்தான் நடக்கும். அதனால் இணைப்பு கொஞ்சம் தடுமாறினாலும் பெரிதாக எதுவும் கெட்டுப்போவதில்லை. டேட்டாவும் அதிகம் தின்னாது.

காலையில் நான் அதிகம் செய்வது மீன் பிடிப்பது. போர்ட் சாரிம் துறைமுகத்தில் 30 விளையாட்டுக் காசு கொடுத்துக் கப்பலேறினால் கரம்ஜா தீவு. மீன்பிடித் திறன் 40 ஆகியிருந்தால் கூண்டு போட்டு லாப்ஸ்டர் பிடிக்கலாம். பையில் மொத்தம் 28 இடம். கூண்டுக்கு ஒன்று, திரும்பி வரும் கப்பல் காசுக்கு ஒன்று போக மீதியெல்லாம் மீன். பை நிரம்பியதும் மறுபடி 30 காசு கொடுத்துத் திரும்பி வர வேண்டும். அப்புறம் சமைக்க வேண்டும். சமையல் திறன் போதாவிட்டால் பாதி கருகிப்போகும். சமைத்த லாப்ஸ்டர் ஒன்று சண்டையில் 12 புள்ளி உயிர் மீட்டுத் தரும். இதில் என்ன சுவை என்று அலுவலகத்தில் கேட்டவர்கள் உண்டு. நான் பிடித்த மீன், நான் சமைத்தது, அதைத் தின்றுதான் நான் உயிரோடு இருக்கிறேன். ஒன்றோடு ஒன்று இப்படிக் கோத்துக் கிடப்பதுதான் என்னைப் பிடித்து வைத்திருக்கிறது. சுரங்கத்தில் தாது வெட்டி, உருக்கி, அடித்து வாள் செய்யும்போதும் இதே உணர்வுதான். கடையில் சொடுக்கி வாங்கிய வாளுக்கு அந்த மதிப்பு வராது.

பொறுமை வேண்டும், அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு திறனை உச்ச லெவலான 99-க்குக் கொண்டுபோக 1,30,34,431 அனுபவப் புள்ளிகள் தேவை. 92-ஐத் தொட்டதும் கிட்டத்தட்ட முடித்துவிட்டோம் என்று தோன்றும். கணக்குப் பார்த்தால் அப்போதுதான் சரிபாதி வந்திருக்கிறோம். இலவசக் கணக்கில் பயிற்சி முறைகளும் குறைவு என்பதால் இன்னும் மெதுவாகப் போகும். 99 என்ற எண்ணுக்காகவே விளையாடுபவர்கள் சீக்கிரம் சோர்ந்துவிடுகிறார்கள். அடுத்த லெவலில் என்ன திறக்கும் என்று மட்டும் பார்த்துப் போனால் அலுப்பதில்லை.

இலவசப் பகுதியில் மிகச் சிறந்தது எதுவென்றால் டிராகன் ஸ்லேயர் என்ற க்வெஸ்ட் (கதையோடு வரும் பணி). உயர்நிலை 2 படிக்கும் என் அண்ணன் மகள் ஜூன் விடுமுறையில் இதை முடித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன், ஒன்றும் சொல்லித் தரவில்லை. தொடங்கவே 32 க்வெஸ்ட் புள்ளிகள் வேண்டும். அப்புறம் கிராண்டோர் தீவுக்கு வழி காட்டும் வரைபடத்தை மூன்று துண்டாகத் தேடிச் சேர்க்க வேண்டும். ஒன்று சிறையில் இருக்கும் ஒரு கோப்லினிடம். ஒன்று சாவிகளை மாற்றி மாற்றித் திறக்க வேண்டிய மாளிகைக்குள். இன்னொன்று மந்திரக் கதவுக்குப் பின்னால். அந்தக் கதவு திறக்க சுடாத மண் பாத்திரம், லாப்ஸ்டர் கூண்டு, பட்டுத் துணி, மந்திரவாதிகள் குடிக்கும் ஒரு பானம் என்று நாலு பொருள் வேண்டும். "அத்தை, அந்தக் கூண்டை நேத்துதான் கடையில வித்தேன்" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு 2,000 காசுக்கு ஓட்டைக் கப்பல் ஒன்றை வாங்கி, 3 பலகையும் 90 ஆணியும் போட்டு அடைத்து, மாலுமி ஒருவரை அழைத்துக்கொண்டு போய் எல்வார்க் என்ற டிராகனை எதிர்கொள்ள வேண்டும். நெருப்பைத் தடுக்கும் கேடயத்தை லம்பிரிட்ஜ் கோட்டையின் பிரபு கேட்டால் சும்மா தருவார். அது இல்லாமல் போனால் ஒரே மூச்சில் கதை முடிந்துவிடும். இவ்வளவும் செய்தால்தான் ரூன் என்ற உலோகத்தில் செய்த மார்க்கவசம் அணியும் உரிமை கிடைக்கிறது. அதை அணிந்துகொண்டு வாரக் நகரச் சதுக்கத்தில் அவள் நடந்ததைப் பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. எந்தக் காசாலும் அந்த உரிமையை நேரடியாக வாங்க முடியாது.

அவளுடைய நண்பர்கள் பலர் கென்ஷின் இம்பேக்ட் விளையாடுகிறார்கள். அதுவும் இலவசம்தான், பார்க்கக் கொள்ளை அழகு. ஆனால் அதில் புதிய பாத்திரங்கள் குலுக்கலில் வருகின்றன. ஐந்து நட்சத்திரப் பாத்திரம் ஒன்று உறுதியாகக் கிடைக்க 90 குலுக்கல் வரை போகலாம், அதுவும் நினைத்த பாத்திரமாக இருக்கும் என்று இல்லை. ஓல்ட் ஸ்கூலில் காசுக்குக் குலுக்கல் என்பதே கிடையாது. காசு போகும் வழி இரண்டுதான்: மெம்பர்ஷிப் என்ற சந்தா, அந்தச் சந்தாவாக மாற்றிக்கொள்ளவோ மற்றவருக்கு விளையாட்டுக் காசுக்கு விற்கவோ கூடிய பாண்ட் என்ற சீட்டு. வீட்டில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம் என்று நினைக்கிறேன்.

பிள்ளைகள் விஷயத்தில் உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: ஏமாற்றுக்காரர்கள். சந்தை கூடும் கிராண்ட் எக்ஸ்சேஞ்சைச் சுற்றி எப்போதும் நிற்பார்கள். "அத்தை, ஒரு ஆளு கவசத்துக்கு இலவசமா தங்க ஓரம் போட்டுத் தர்றேங்கறாரு, குடுக்கலாமா?" என்று கேட்டாள் ஒரு நாள். நல்லவேளை கேட்டாள். ஒருவர் கவசத்துக்கு இன்னொருவர் ஓரம் போட்டுத் தரும் வசதியே விளையாட்டில் கிடையாது. காசை இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்பவர்களும் இதே ரகம். வடக்கே இருக்கும் வைல்டர்னெஸ் பகுதிக்கு யாராவது துணைக்கு அழைத்தால் அதுவும் பொறிதான். அங்கே மற்ற ஆட்கள் உங்களைக் கொல்லலாம். செத்தால் விலை உயர்ந்த மூன்று பொருள் மட்டும்தான் மிஞ்சும்.

குறைகளைப் பார்ப்போம். இலவச உலகங்களில் (விளையாட்டு ஓடும் தனித்தனி சர்வர்களை 'உலகம்' என்பார்கள்) பாட்கள், அதாவது ஆள் இல்லாமல் நிரலால் ஓடும் கணக்குகள், அதிகம். ஒரே மாதிரிப் பெயரில் வரிசையாக மரம் வெட்டிக்கொண்டிருக்கும். மொத்த லெவல் (எல்லாத் திறன்களின் லெவலையும் கூட்டியது) குறிப்பிட்ட அளவு இருந்தால்தான் நுழையலாம் என்ற உலகங்களுக்கு மாறினால் தொல்லை குறையும். புதிய இலவசக் கணக்குக்கு வாங்குவதிலும் விற்பதிலும் கட்டுப்பாடு உண்டு. 20 மணி நேரம் விளையாடி, 10 க்வெஸ்ட் புள்ளியும் மொத்த லெவல் 100-ம் எடுத்தால் அது நீங்கும். சந்தையிலும் மெம்பர்களுக்கு 8 இடம், நமக்கு 3 இடம்தான். கைப்பேசியில் பொத்தான்கள் சிறியவை. சண்டை நடுவில் மீனைத் தொடப்போய்ப் பக்கத்தில் இருப்பதைத் தொட்டுவிடும். தமிழ் எழுத்தில் அரட்டை அடிக்க முடியாதது எனக்குப் பெரிய வருத்தம். என் பள்ளித்தோழி ஒருத்தி இப்போது திருச்சியில் இருக்கிறாள். நாங்கள் இருவரும் ஆங்கில எழுத்தில் தமிழ் பேசிக்கொண்டுதான் வில்லோ மரம் வெட்டுகிறோம்.

ஒரு ஆண்டிறுதி விடுமுறையில் மெம்பராகிப் பார்த்தேன். வரைபடம் பல மடங்கு விரிந்தது. ஸ்லேயர் (சொல்லும் அரக்கர்களை வேட்டையாடுவது), விவசாயம், வீடு கட்டுதல் என்று புதிய திறன்கள். இலவசத்தில் 15 திறன்கள்தான். நன்றாகவே இருந்தது, ஆனால் கட்டிய காசு வீணாகக் கூடாதே என்ற அவசரமும் கூடவே வந்துவிட்டது. மாதம் முடிந்து பழைய உலகத்துக்குத் திரும்பியதும் மனம் லேசானது. மெம்பர் பொருட்கள் வங்கியிலேயே இருக்கின்றன, பயன்படுத்தத்தான் முடியாது. சொந்தக் காசு போடாமல் மெம்பராக வேண்டுமென்றால், மற்றவர் விற்கும் பாண்டை விளையாட்டுக் காசுக்கே வாங்கலாம். ஒரு பாண்டுக்கு 14 நாள். ஆனால் லாப்ஸ்டர் விற்று அதைச் சேர்ப்பது பெரும்பாடு. நேரம் நிறைய இருக்கும் மாணவர்களுக்கு வேண்டுமானால் சரிவரும், வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் லம்பிரிட்ஜ் சமையல்காரரின் க்வெஸ்டில் ஆரம்பியுங்கள். முட்டை, பால், மாவு மூன்றும் கோட்டையைச் சுற்றியே கிடைக்கும். கணக்கு திறந்த அன்றே இரட்டைச் சரிபார்ப்பை இயக்கிவிடுங்கள். விளையாட்டுக்குள் எந்த வங்கியாளரிடமும் பேசி நாலு இலக்க பின் எண் ஒன்றும் வைத்துக்கொள்ளலாம். அந்த எண்ணை வீட்டுப் பிள்ளைகள் உங்களிடம் மட்டும் சொல்லி வைக்கட்டும், நண்பர்களிடம் வேண்டாம்.