ஐந்து ரோடு மேம்பாலம்: ஐந்து வருஷம் கழித்து, கீழே நின்று ஒரு மதிப்பீடு

கோவையில் அவினாசி ரோடு மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்த நாளிலிருந்து அந்த ஊர் நண்பர் ஒருவர் விடாமல் கேட்கிறார்: "உங்க சேலத்துப் பாலம் எப்படிங்க உழைக்குது?" அவருக்குத்தான் இந்தப் பதில். எங்கள் ஐந்து ரோடு மேம்பாலத்துக்கு 7.87 கி.மீ. நீளம், 441 கோடி செலவு, 2020 ஜூனில் திறப்பு, ஈரடுக்கு என்பதெல்லாம் ஊரறிந்த சங்கதி. அதை விட்டுவிடலாம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். குரங்குச்சாவடியில் ஏறினால் சிக்னலே பார்க்காமல் அண்ணா பூங்கா பக்கம் இறங்கலாம். காருக்கும் பைக்குக்கும் இது சொகுசுதான். கீழே போகிற டவுன் பஸ்ஸுக்கும் கொஞ்சம் லாபம் உண்டு. நேரே போகிற வண்டிகள் மேலே ஏறிவிடுவதால் ஜங்ஷன் ரோடு, மெய்யனூர் ரோடு, சாரதா கல்லூரி ரோட்டுக்குத் திரும்புகிற வண்டிகளுக்கு இடம் கிடைக்கிறது. யாரும் திட்டம் போட்டுத் தராத வசதி இன்னொன்று: நிழல். சித்திரை வெயிலில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்களுக்கு 441 கோடியில் கைக்கு வந்தது அந்த நிழல்தான். அதுவும் காலை பத்து மணிக்கு ஒரு பக்கம், மாலை நாலு மணிக்கு மறுபக்கம்.

இனி என் எரிச்சலுக்கு வருகிறேன். அதன் அளவு 15 செ.மீ.

டவுன் பஸ்ஸால் பாலத்தில் ஏற முடியாது. ஏற வேண்டிய ஆள் கீழே நிற்கிறார். ஆக, பாலம் வந்தாலும் பஸ்ஸுக்குப் பாதை பழைய பாதைதான். நடைபாதை ஓரக்கல்லின் உயரம் 150 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்பது இந்திய சாலைக் குழும விதி. பஸ் அந்தக் கல்லை ஒட்டி நின்றால், கல்மேல் நிற்கிறவருக்கு முதல் படிக்குக் கால் தூக்குவதில் 15 செ.மீ. மிச்சம். ஒட்டாமல் நடுரோட்டில் நின்றால் ரோட்டில் இறங்கி, முழங்கால் உயரத்துக்குக் காலைத் தூக்கிப் போட வேண்டும். கையில் பூக்கூடையோ, இடுப்பில் குழந்தையோ இருந்தால் கம்பியைப் பிடிக்கக் கை ஏது?

ஏன் ஒட்டுவதில்லை? டிரைவரைத் திட்டிப் பயனில்லை. 12 மீட்டர் பஸ் ஓரத்துக்கு இணையாக நிற்க, நுழைய, வெளியேற எல்லாம் சேர்த்து 40 மீட்டராவது காலியாக வேண்டும். சரிவுப் பாதை இறங்கும் இடத்தில் கீழ்ரோடு ஒடுங்கிவிடுகிறது. மிச்சத்தை ஷேர் ஆட்டோவும் நிறுத்தி வைத்த பைக்கும் பிடித்துக்கொள்கின்றன. மூக்கை மட்டும் நுழைத்தால் முன்படி ஓரத்தை ஒட்டும், பின்படி மூன்றடி தள்ளி நிற்கும். முழுசாக உள்ளே போனால் மறுபடி வெளியே வர யாரும் வழி விடுவதில்லை. அதனால் அனுபவப்பட்ட டிரைவர் உள்ளே போகவே மாட்டார்.

இதற்கு மருந்து நடைபாதையைக் குடைந்து பஸ் ஒதுங்கி நிற்க இடம் கட்டுவது என்று நினைக்கிறார்கள். அது நோயைக் கூட்டும். நடைமேடையை பஸ் ஓடுகிற தடம் வரை வெளியே நீட்ட வேண்டும். பஸ் விலகவே வேண்டாம், நின்ற இடத்திலேயே ஒட்டும். பைக் நிறுத்தவும் இடமிருக்காது. பாலத்துச் செலவோடு பார்த்தால் இது சில்லறை.

பஸ்ஸே தாழ்வாக இருந்தால் பாதித் தொல்லை தீரும். நகரப் பேருந்து விதியில் மூன்று தள உயரங்கள்: 400, 650, 900 மி.மீ. இதில் 400தான் தாழ்தளம். ஜெர்மன் வங்கிக் கடனில் 552 தாழ்தளப் பேருந்து வாங்கத் திட்டம் போட்டபோது சென்னைக்கு 352, கோவைக்கும் மதுரைக்கும் தலா 100. கூட்டிப் பாருங்கள், சேலத்துக்கு மிச்சம் வராது. (கோவைக்காரரே, இதில் உங்களுக்குக் குறை சொல்ல வாயில்லை.)

நடக்கிறவர் கணக்கு தனி. சிக்னல் போடும்போது நொடிக்கு 1.2 மீட்டர் நடை என்று வைப்பது வழக்கம். 15 மீட்டர் ரோட்டுக்குப் பன்னிரண்டரை நொடி. மூட்டுவலிக்காரர் நொடிக்கு 0.8 மீட்டர்தான் நடப்பார், அவருக்குக் கிட்டத்தட்ட 19 நொடி வேண்டும். கூடுதலான அந்த ஆறு நொடிச் சொச்சம் தூண் மறைவில் கழிகிறது, திரும்பி வரும் பைக்காரர் கண்ணுக்கு அவர் கடைசி நொடியில்தான் தெரிவார்.

2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வில் மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்று வந்தது. வீட்டுவேலைக்கும் ஜவுளிக்கடை வேலைக்கும் போகிறவர்களுக்கு அது அரிசிக் காசு. அப்படி இந்த இலவச பிங்க் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் எல்லோரும் பாலத்துக்குக் கீழேதான்.

மதிப்பெண்? கட்டுமானம், வேகம், நிழல் எல்லாம் கூட்டினால் ஐந்துக்கு நாலு வரும். நான் போடுவது இரண்டு. அதில் ஒன்று நிழலுக்கு.

உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை மேலே ஓட்டிப் பார்த்து உங்கள் பாலத்துக்கு மார்க் போடாதீர்கள். மாலை ஆறு மணிக்குக் கீழே ஏதாவது ஒரு ஸ்டாப்பில் அளவு டேப்போடு நில்லுங்கள். வருகிற முதல் பத்து பஸ்ஸில் ஓரக்கல்லுக்கும் பின்படிக்கும் எத்தனை அடி இடைவெளி என்று குறித்து அனுப்புங்கள், பேசுவோம்.